மாட்டுக்குப் போட்ட ஊசி

இன்றைய பேச்சு ஒரு பறவையைப் பற்றியது. ஓர் ஊசியைப் பற்றியது. முடிவில் அது மனித உயிரைப் பற்றியது. இது கட்டுக்கதை அல்ல. இந்தியாவில் நடந்த உண்மை.

பிணந்தின்னிக் கழுகை உங்களில் எத்தனை பேர் பார்த்திருக்கிறீர்கள்? இதற்குப் பாறு என்றும் ஒரு பெயர் உண்டு. வயதானவர்கள் பார்த்திருப்பார்கள். கழுத்தில் இறகு இருக்காது. இறக்கையை விரித்தால் ஆள் உயரத்துக்கு மேல் நீளும். வானத்தில் வட்டம் போடும். மாடு செத்துக் கிடந்தால் கூட்டமாக இறங்கும்.

இளம் வயதினர் பலர் இதைப் பார்த்திருக்க மாட்டார்கள். ஏன்? அந்தக் கழுகுகள் எங்கே போயின? அதைத்தான் இப்போது பார்க்கப் போகிறோம்.

கூலி கேட்காத வேலைக்காரன்

இந்தியாவில் மாடுகள் அதிகம். எருமைகளும் அதிகம். கோடிக்கணக்கில் இருக்கின்றன. அவை ஒருநாள் சாகத்தானே வேண்டும்? செத்த மாட்டை என்ன செய்வது?

வடமாநிலங்களில் பல ஊர்களில் ஒரு வழக்கம் உண்டு. ஊருக்கு வெளியே பொட்டல் நிலம் இருக்கும். செத்த மாட்டை அங்கே இழுத்துப் போடுவார்கள். தோல் உரிப்பவர்கள் தோலை எடுத்துப் போவார்கள். பிறகு கழுகுகள் இறங்கும். ஒரு கழுகுக் கூட்டம் ஒரு மாட்டின் இறைச்சி முழுவதையும் ஒரு மணி நேரத்துக்குள் தின்றுவிடும். எலும்பு மட்டும் மிஞ்சும். அந்த எலும்பைப் பொறுக்கி ஆலைக்கு விற்றுப் பிழைத்தவர்களும் இருந்தார்கள்.

கழுகின் வயிற்றில் கடுமையான அமிலம் சுரக்கிறது. அழுகிய இறைச்சியில் இருக்கும் பல நோய்க் கிருமிகள் அந்த அமிலத்தில் செத்துவிடும். ஆகவே நாற்றம் இல்லை. ஈ இல்லை. கிருமி பரவவில்லை. குழி தோண்டும் செலவும் இல்லை.

கூலி கேட்காத துப்புரவுத் தொழிலாளி அந்தக் கழுகு. ஆனால் அது செய்த வேலையின் அருமை அப்போது யாருக்கும் தெரியவில்லை. பிணம் தின்கிற பறவை என்று முகம் சுளித்தவர்கள்தான் அதிகம்.

கழுத்து தொங்கிய கழுகுகள்

1980-களில் இந்தியாவில் கழுகுகள் கோடிக்கணக்கில் இருந்தன என்று அறிஞர்கள் கணக்கிடுகிறார்கள். தில்லி போன்ற பெரிய நகரங்களிலும் மரத்துக்கு மரம் உட்கார்ந்திருக்கும்.

ராஜஸ்தான் மாநிலத்தில் பரத்பூர் என்ற ஊர் இருக்கிறது. அங்கே கேவலாதேவ் என்ற பெயரில் பறவைகள் சரணாலயம் உள்ளது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தைச் சேர்ந்த விபு பிரகாஷ் என்ற அறிஞர் அங்கே கழுகுகளை எண்ணிக் கணக்கு வைத்திருந்தார். 1990-களின் பிற்பகுதியில் அவர் கண்ட காட்சி அவரைத் திடுக்கிட வைத்தது. கழுகுகள் கழுத்தைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தன. சில நாட்களில் கிளையிலிருந்து விழுந்து செத்தன. கூடுகள் காலியாகின.

ஒரு சரணாலயத்தில் மட்டும் இல்லை. நாடு முழுவதும் இதே கதைதான். வெண்முதுகுக் கழுகு என்று ஓர் இனம். 1992-ஆம் ஆண்டில் அந்தக் கழுகுகள் 1000 இருந்தன என்று வைத்துக்கொள்ளுங்கள். 2007-ஆம் ஆண்டில் அதில் 1 மட்டுமே மிஞ்சியது. 999 போய்விட்டன. பதினைந்தே ஆண்டுகளில்!

காரணம் என்ன? புதிய நோய்க் கிருமியாக இருக்கலாம் என்றார்கள் சிலர். பூச்சிமருந்தாக இருக்கலாம் என்றார்கள் வேறு சிலர். பல ஆண்டுகள் விடை கிடைக்கவில்லை.

துப்புத் துலக்கிய கால்நடை மருத்துவர்

பாகிஸ்தானிலும் கழுகுகள் இதே போல் செத்துக்கொண்டிருந்தன. அங்கே ஓர் ஆய்வுக் குழு வேலை செய்தது. அதன் தலைவர் லின்ட்சே ஓக்ஸ். அவர் அமெரிக்காவைச் சேர்ந்த கால்நடை மருத்துவர்.

செத்த கழுகுகளை அந்தக் குழு அறுத்துப் பார்த்தது. உள்ளே குடல், ஈரல், இதயம் எல்லாவற்றின் மேலும் சுண்ணாம்பு பூசியது போல் வெள்ளையாக இருந்தது. அது யூரிக் அமிலம் என்ற கழிவு உப்பு. சிறுநீரகம் நன்றாக வேலை செய்தால் அந்த உப்பு வெளியே போய்விடும். சிறுநீரகம் கெட்டால் உடம்புக்குள்ளேயே படியும். அப்படியானால் கழுகின் சிறுநீரகத்தைக் கெடுத்தது எது?

குழு கிருமியைத் தேடியது. கிடைக்கவில்லை. பூச்சிமருந்தைத் தேடியது. கிடைக்கவில்லை. பிறகு வேறு விதமாக யோசித்தது. கழுகு தின்பது செத்த மாட்டை. அந்த மாடு சாவதற்கு முன்பு என்ன தின்றது? அதற்கு என்ன மருந்து கொடுத்தார்கள்? கால்நடை மருத்துவர்களிடமும் மருந்துக் கடைக்காரர்களிடமும் போய்க் கேட்டார்கள். சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடிய மருந்து ஏதாவது விற்கிறதா என்று பார்த்தார்கள்.

ஒரு மருந்தின் பெயர் கிடைத்தது. டைக்ளோபினாக்.

சிறுநீரகம் கெட்டுச் செத்த 25 கழுகுகளைச் சோதித்தார்கள். 25-இலும் அந்த மருந்து இருந்தது. வேறு காரணத்தால் செத்த 13 கழுகுகளைச் சோதித்தார்கள். ஒன்றில்கூட அந்த மருந்து இல்லை. பிறகு அந்த மருந்து கொடுத்த எருமையின் இறைச்சியைக் கழுகுகளுக்குப் போட்டுப் பார்த்தார்கள். அவையும் அதே போல் செத்தன. 2004-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் இந்த உண்மை உலகுக்குத் தெரிந்தது.

ஆளுக்கு மருந்து, மாட்டுக்கு மருந்து, கழுகுக்கு நஞ்சு

டைக்ளோபினாக் என்பது வலி, வீக்கம், காய்ச்சலைக் குறைக்கும் மருந்து. மூட்டு வலிக்கும் இடுப்பு வலிக்கும் மனிதர்களுக்குக் கொடுப்பார்கள். இன்றும் கொடுக்கிறார்கள். மருத்துவர் சொன்ன அளவில் சாப்பிட்டால் அது பலருக்கு உதவும். மருத்துவரைக் கேட்காமல் மாதக் கணக்கில் விழுங்கினால் மனிதருடைய சிறுநீரகத்துக்கும் அது கேடுதான்.

1990-களில் இந்த மருந்து மாடுகளுக்கும் வந்தது. விலை மலிவு. மாட்டுக்கு மடி வீங்கினால் இந்த ஊசி. நொண்டினால் இந்த ஊசி. காய்ச்சல் வந்தால் இந்த ஊசி. ஊசி போட்ட மறுநாள் மாடு எழுந்து நிற்கும். மாட்டுக்காரருக்கு மகிழ்ச்சி. இதில் அவர் மீது குற்றம் சொல்ல முடியாது. தன் மாட்டின் வலி தீர வேண்டும் என்றுதான் அவர் நினைத்தார்.

ஆனால் எல்லா மாடும் பிழைப்பதில்லை. ஊசி போட்ட ஓரிரு நாளில் ஒரு மாடு செத்துப்போகிறது. மருந்து அதன் உடம்பிலேயே இருக்கிறது. அந்த மாட்டைக் கழுகுகள் தின்கின்றன. மாட்டுக்கு அது மருந்து. கழுகுக்கோ அது நஞ்சு. சில நாட்களில் கழுகுகள் சாகின்றன.

சிலர் கேட்கலாம். ஊசி போட்டுச் செத்த மாடுகள் எத்தனை இருக்கும்? அதற்காகக் கோடிக்கணக்கான கழுகுகள் சாகுமா?

சாகும். கழுகு தனியாகத் தின்பதில்லை. ஒன்று இறங்கினால் அதைப் பார்த்து இன்னொன்று இறங்கும். ஒரே மாட்டைப் பல கழுகுகள் பங்கு போட்டுத் தின்னும். நஞ்சும் பங்கு போடப்படும். நூறு மாட்டுப் பிணங்களில் ஒரே ஒன்றில் இந்த மருந்து இருந்தாலே போதும், கழுகு இனமே அழிந்துவிடும் என்று அறிஞர்கள் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். மேலும், கழுகு ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும். குஞ்சு வளர்ந்து முட்டையிட ஐந்து ஆண்டு ஆகும். செத்த வேகத்துக்குப் பிறப்பு ஈடு கொடுக்கவில்லை.

கழுகு போனது, நாய் வந்தது

கழுகு இல்லாமல் போனது. ஆனால் மாடுகள் சாவது நிற்கவில்லை. ஊருக்கு வெளியே பிணங்கள் குவிந்தன. அழுகின. நாற்றம் எடுத்தது. மழை பெய்தபோது அழுகல் நீர் ஓடைக்கும் ஆற்றுக்கும் போனது. குடிக்கும் தண்ணீர் கெட்டது.

தின்ன ஆள் இல்லாத இறைச்சியைத் தின்ன நாய்கள் வந்தன. வயிறு நிறையச் சாப்பாடு. நாய்கள் பெருகின. நாய்க்கடி பெருகியது. கழுகைப் போல் நாயால் ஒரு பிணத்தைச் சுத்தமாகத் தின்று முடிக்கவும் முடியாது. எலும்பு பொறுக்கியவர்களின் பிழைப்பும் கெட்டது.

நாய்க்கடி என்றாலே வெறிநோய்ப் பயம். ராபிஸ் என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். இந்தியாவில் இந்த நோய் பெரும்பாலும் நாய் கடித்துத்தான் மனிதருக்கு வருகிறது. ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானவர்கள் இதனால் சாகிறார்கள். அவர்களில் குழந்தைகள் பலர். நோயின் அறிகுறி தெரிந்த பிறகு காப்பாற்றுவது அநேகமாக முடியாத காரியம்.

2024-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஏயல் பிராங்க், ஆனந்த் சுதர்சன் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் அதைச் செய்தார்கள். கழுகுகள் அதிகம் வாழ்ந்த மாவட்டங்களை ஒரு பக்கம் வைத்தார்கள். கழுகுகள் அதிகம் இல்லாத மாவட்டங்களை மறுபக்கம் வைத்தார்கள். இரண்டிலும் மனிதர்களின் சாவுக் கணக்கை ஒப்பிட்டார்கள். கழுகு அழிந்த பிறகு, அது வாழ்ந்த மாவட்டங்களில் மனிதச் சாவு கூடியிருந்தது. 2000 முதல் 2005 வரை சுமார் 5 லட்சம் பேர் கூடுதலாக இறந்தார்கள் என்பது அவர்கள் மதிப்பீடு. நாய்க்கடி ஒரு காரணம். கெட்ட தண்ணீர் இன்னொரு காரணம்.

ஆட்டைக் கடித்து, மாட்டைக் கடித்து, கடைசியில் மனிதனைக் கடித்த கதை என்று சொல்வார்கள் அல்லவா? அந்தக் கதைதான் இங்கே நடந்தது.

யோசித்துப் பாருங்கள். ஒரு குழந்தை நாய்க்கடியால் ஆஸ்பத்திரிக்கு வருகிறது. அங்கே இருப்பவர் மனிதர்களுக்கான மருத்துவர். அவர் கடிவாயைப் பார்ப்பார். ஊசி போடுவார். அந்த நாய் ஏன் பெருகியது? கழுகு ஏன் செத்தது? மாட்டுக்கு என்ன ஊசி போட்டார்கள்? இதெல்லாம் அவருக்கு எப்படித் தெரியும்? அதே போல், மாட்டுத் தொழுவத்தில் நிற்கும் கால்நடை மருத்துவருக்கு அந்தக் குழந்தையின் கடிவாய் தெரியாது. இருவருக்கும் நடுவில் ஒரு சங்கிலி இருக்கிறது. அதனால்தான் மாட்டு மருத்துவமும் மனித மருத்துவமும் கைகோத்து நடக்க வேண்டும் என்று இப்போது வலியுறுத்துகிறார்கள்.

சட்டம் வந்தது

2006-ஆம் ஆண்டில் இந்திய அரசு ஓர் உத்தரவு போட்டது. கால்நடைகளுக்காக டைக்ளோபினாக் தயாரிப்பதைத் தடுத்தது. அதே ஆண்டில் ஒரு நல்ல செய்தியும் வந்தது. மெலாக்சிகாம் என்ற வலி மருந்து கழுகுக்குக் கேடு செய்வதில்லை என்று சோதனையில் தெரிந்தது. மாட்டின் வலியும் தீரும். கழுகும் பிழைக்கும்.

ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. மனிதருக்கான டைக்ளோபினாக் ஊசி மருந்து 30 மில்லி புட்டியில் விற்றது. ஒரு மனிதருக்கு ஒரு வேளைக்கு 3 மில்லி போதும். 30 மில்லி யாருக்கு? மாட்டுக்குத்தான்! மனித மருந்து என்று பெயர் சொல்லி வாங்கி மாட்டுக்குப் போட்டார்கள். எனவே 2015-ஆம் ஆண்டில் அந்தப் பெரிய புட்டிகளையும் அரசு தடை செய்தது. 3 மில்லிக்கு மேல் ஒரே புட்டியில் விற்கக் கூடாது என்று ஆணையிட்டது.

கீட்டோபுரோபேன், அசிக்ளோபினாக் என்ற மருந்துகளும் கழுகைக் கொல்லும் என்று பிறகு தெரிந்தது. 2023-ஆம் ஆண்டில் அவையும் கால்நடைகளுக்குத் தடை செய்யப்பட்டன.

அரியானா மாநிலத்தில் பிஞ்சோர் என்ற இடத்தில் கழுகுகளை வளர்த்துக் குஞ்சு பொரிக்க வைக்கும் மையம் நடக்கிறது. தமிழ்நாட்டில் முதுமலைப் பக்கம் மாயாற்றுப் பள்ளத்தாக்கில் இன்றும் கழுகுகள் கூடு கட்டுகின்றன. ஆனால் கோடிக்கணக்கில் இருந்த வெண்முதுகுக் கழுகு இன்று இந்தியா முழுவதும் சேர்த்துச் சில ஆயிரம்தான்.

ஒரு பாட்டியின் கேள்வி

சட்டம் மட்டும் போதுமா? ஒரு கால்நடை மருந்தகத்தில் இப்படி ஒரு பேச்சு நடப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். எந்த ஊரிலும் நடக்கக்கூடிய பேச்சுதான்.

"டாக்டர் ஐயா, மாடு நொண்டுகிறது. எனக்கு முழங்கால் வலிக்குப் போட்ட மருந்து வீட்டில் மீதி இருக்கிறது. அதையே மாட்டுக்கும் போட்டால் என்ன?" என்று கேட்கிறார் ஒரு பாட்டி.

"கூடாது பாட்டி. அது மாட்டுக்குத் தடை செய்த மருந்தாக இருக்கலாம். மாட்டுக்கு வேறு மருந்து இருக்கிறது. எழுதித் தருகிறேன்" என்கிறார் மருத்துவர்.

"கடையில் வேறு எதையாவது கொடுத்துவிட்டால் எனக்கு எப்படித் தெரியும், ஐயா?"

"சீட்டில் எழுதிய பெயரும் புட்டியில் இருக்கும் பெயரும் ஒன்றா என்று பாருங்கள்."

"புட்டியில் இங்கிலீஷில் அல்லவா இருக்கும்?"

"பேத்தி பள்ளிக்கூடம் போகிறாள் இல்லையா? அவளைப் படிக்கச் சொல்லுங்கள். நீங்களும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். படம் பார்ப்பது போலத்தான்."

பாட்டியின் கேள்வி நல்ல கேள்வி. மருத்துவரின் பதிலும் நல்ல பதில். படிப்பு எதற்குப் பயன்படும் என்று யாராவது கேட்டால், இதையும் சொல்லலாம்.

செய்ய வேண்டியவை

மாடு, ஆடு வைத்திருப்பவர்கள் இவற்றை நினைவில் வைக்க வேண்டும்:

1. மாட்டுக்கு நோய் வந்தால் கால்நடை மருந்தகத்துக்குப் போங்கள். கடைக்காரர் சொல்வதைக் கேட்டு ஊசி போடாதீர்கள்.

2. மனிதருக்கான வலி மருந்தை மாட்டுக்குக் கொடுக்காதீர்கள். மெலாக்சிகாம் கொடுக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

3. சிகிச்சை நடக்கும்போது மாடு செத்தால் வெளியே போடாதீர்கள். ஆழமாகக் குழி தோண்டிப் புதையுங்கள். கிணறு, குளம், ஓடைக்குப் பக்கத்தில் புதைக்கக் கூடாது.

4. மாடு திடீரென்று செத்து, மூக்கிலும் வாயிலும் ஆசனவாயிலும் இரத்தம் கசிந்தால் அது அடைப்பான் நோயாக இருக்கலாம். தொடாதீர்கள். அறுக்காதீர்கள். தோல் உரிக்காதீர்கள். அந்த நோய் மனிதருக்கும் வரும். உடனே கால்நடை மருத்துவருக்குச் சொல்லுங்கள்.

5. வீட்டு நாய்க்கு ஆண்டுதோறும் வெறிநோய்த் தடுப்பூசி போடுங்கள். நாய்க்குப் போடும் ஊசி பிள்ளையைக் காப்பாற்றும்.

நாய் கடித்துவிட்டால் என்ன செய்வது? எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது இது.

உடனே கடிவாயைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். குழாய் இல்லையென்றால் சொம்பில் மொண்டு மொண்டு ஊற்றுங்கள். மிளகாய்த் தூள், சுண்ணாம்பு, எண்ணெய் எதுவும் வைக்காதீர்கள். மந்திரித்துவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சிறு கீறல் என்றாலும் போங்கள். காயம் ஆழமாக இருந்தால் கடிவாயிலேயே இன்னொரு மருந்தும் போடுவார்கள்.

முன்பு தொப்புளைச் சுற்றி 14 ஊசி போடுவார்கள். அதற்குப் பயந்தே பலர் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. அந்த ஊசி இப்போது இல்லை. இப்போது கையில்தான் போடுகிறார்கள். சில தவணைதான். ஆனால் ஒரு தவணையையும் விடக் கூடாது. வலி போய்விட்டது, புண் ஆறிவிட்டது என்று பாதியில் நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து.

நண்பர்களே!

மாட்டுக்கு ஊசி போட்டது தொழுவத்தில். கழுகு செத்தது மரத்தில். நாய் பெருகியது பொட்டலில். பிள்ளை செத்தது வீட்டில். நான்கும் நான்கு இடத்தில் நடந்தன. அதனால்தான் ஒன்றுக்கொன்று தொடர்பு இருப்பது நெடுநாள் யார் கண்ணுக்கும் படவில்லை.

இனி அடுத்த முறை மாட்டுக்கு ஊசி போடும்போது கேளுங்கள்: "ஐயா, இது என்ன மருந்து?" கேட்பதற்குக் கூச்சம் வேண்டாம். கேட்பவருக்குக் காசு செலவில்லை. அந்த ஒரு கேள்வியால் ஒரு மாடும், ஒரு கழுகுக் கூட்டமும், முகம் தெரியாத ஒரு பிள்ளையும் பிழைக்கலாம்.